நடைபாதையா, சாலையா: சைக்கிள் மோதினால் பொறுப்பு யார் தலையில்?

எட்டு மாதம் நடைபாதையில் சைக்கிள் ஓட்டினேன். கடந்த ஓராண்டாகச் சாலையில் ஓட்டுகிறேன். தினமும் அதே வழி, அதே தூரம். இரண்டையும் ஒப்பிட்டுப் பேச எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். என் சாய்வு சாலைப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடைபாதையின் சௌகரியத்தை விளக்க வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் லாரி உறுமாது, பஸ் ஒதுக்கித் தள்ளாது. பயத்தில்தான் பலரும் நடைபாதையில் ஏறுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏறினேன். அந்தப் பயம் நியாயமானது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாலையோர நடைபாதையில் வண்டி ஓட்டுவதை 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமே தடுக்கிறது. அது இயற்றப்பட்டபோது சைக்கிள் புழக்கத்திலேயே இல்லை. 1888இல் வந்த இன்னொரு சட்டம் சைக்கிளையும் 'வண்டி' என்ற கணக்கில் சேர்த்தது. ஜெர்மனியில் எட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் பொதுவாக நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும்; பத்து வயது நிரம்பும்வரை ஓட்டலாம். ஜப்பானில் சைக்கிள் ஓர் இலகு வாகனம், அதன் இடம் சாலை; பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் எழுபது வயதைத் தொட்டவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எந்த வயதினரும் நடைபாதையில் ஓட்டலாம், ஆனால் நடப்பவருக்கு வழிவிட்டே ஆக வேண்டும்.

'இங்கே அனுமதி உண்டா?' என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் பெரும்பாலோர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். நானும் அடைந்தேன். மோதல் என்று ஒன்று நடந்துவிட்டால் அந்த விடை பாதி தூரம்கூட நம்மைக் கொண்டுபோவதில்லை. அனுமதி இருந்தால் அபராதம் இராது. இழப்பீடு வேறு கணக்கு: யார் கவனமாக நடந்துகொள்ளவில்லை, யாரால் யாருக்கு எவ்வளவு கேடு விளைந்திருக்க முடியும் என்று பார்ப்பார்கள். தடை உள்ள இடமாக இருந்தால், நாம் அங்கே இருந்ததே நமக்கு எதிரான முதல் வாதமாகிவிடும்.

என்னை மாற்றியது ஒரு வாயிற்கதவு. ஆளுயர மதில், அதன் நடுவே இரும்புக் கதவு. அது திறந்த சத்தமும் ஒரு முதியவரின் தோள் என் முன்னால் தெரிந்ததும் ஒரே கணத்தில். பிரேக்கை இறுக்கினேன், ஹேண்டில்பாரின் முனை அவர் சட்டைக் கையை உரசிக்கொண்டு போனது. கையிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு கீழே விழுந்து திறந்துகொண்டது. அவர் திட்டவில்லை. குனிந்து அதை எடுக்க அவருக்கு நெடுநேரம் ஆனது, நான் எடுத்துக் கொடுப்பதற்குள் அவரே எடுத்துவிட்டார். அந்த நேரம் முழுவதும், இவர் விழுந்திருந்தால் இடுப்பு எலும்பு என்னவாகியிருக்கும் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது சைக்கிளுக்கு நிதான வேகம். ஆனால் அது நொடிக்கு நான்கு மீட்டருக்கும் மேல். ஆபத்தை உணர்ந்து விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த நான்கு மீட்டர் போய்விடும். மதிலை ஒட்டிய நடைபாதையில் வாயிலிலிருந்து வருபவரை ஒரு மீட்டர் தொலைவில்தான் பார்க்க முடியும். காரைப் பின்னோக்கி எடுப்பவர் நிலையும் அதுவே. நடந்து வருபவரை எதிர்பார்த்து இருபுறமும் நாலடி பார்த்துவிட்டு நகர்த்துகிறார். அவர் பார்த்து நகர்த்துவதற்கு ஆகும் இரண்டு நொடியில் நடப்பவர் மூன்று மீட்டர்கூட வந்திருக்கமாட்டார், நாம் எட்டு மீட்டர் வந்திருப்போம். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நடந்த விபத்துகளை ஆராய்ந்து 1994இல் வெளியான ஆய்வு, நடைபாதையில் ஓட்டுபவருக்கு விபத்து அபாயம் சாலையில் ஓட்டுபவரைவிட 1.8 மடங்கு என்று சொன்னது. போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் நடைபாதையில் வந்தவர்கள் நிலை இன்னும் மோசம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. சாலையில் நாம் எளிய தரப்பு. நடைபாதையில் ஏறியதும் நாமே வலிய தரப்பு. சாலையில் ஒரு கார் நம்மை மோதினால், பல நாடுகளில் அந்தக் காருக்குக் கட்டாயக் காப்பீடு இருக்கும். பிரான்சின் 1985ஆம் ஆண்டுச் சட்டம், மோட்டார் வாகனம் மோதிக் காயம்பட்ட நடப்பவரோடு சைக்கிளில் வந்தவரையும் சேர்த்துப் பாதுகாக்கிறது. நெதர்லாந்திலும் பொறுப்பின் பெரும்பாரம் மோட்டார் வாகனத்தின் மேல்தான். நடைபாதையில் நடப்பவரை நாம் மோதினால் இந்த ஏற்பாடு எதுவும் நமக்கு உதவாது. அங்கே இரும்பும் வேகமும் நம்மிடம்; எதிரே இருப்பவரிடம் ஒன்றுமில்லை. நமக்குப் பின்னால் பெரும்பாலும் காப்பீடும் கிடையாது. இழப்பீடு நம் கையிருப்பிலிருந்து போகும்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானின் கோபே நீதிமன்றம் 2013இல் தந்த தீர்ப்பு சாட்சி. பதினொரு வயதுச் சிறுவன் இரவில் இறக்கத்தில் வேகமாக வந்து ஒரு பெண்மணியை மோதினான். அவர் நினைவு திரும்பாத நிலைக்குப் போனார். சிறுவனின் தாய் சுமார் 9.5 கோடி யென் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அது நடைபாதையே பிரிக்கப்படாத தெருவில் நடந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனாலும் நடப்பவர்மேல் மோதிய சைக்கிளுக்கு விலை என்ன, பிள்ளைக்காக யார் பொறுப்பேற்பது என்ற இரண்டையும் அது தெளிவாக்கிவிட்டது. கோபே அடங்கிய ஹியோகோ மாகாணம் 2015இல் சைக்கிளுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை: இறங்கித் தள்ளிக்கொண்டு போவது. பாதசாரிக் கடப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு செல்பவர் நடப்பவரே என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1980இல் சொன்னது. என் வழியில் ஒரு மேம்பால இறக்கம் இருக்கிறது. அங்கே சாலையில் ஓட்ட எனக்குத் தைரியம் வந்ததில்லை. இறங்கி, நடைபாதையில் உருட்டிக்கொண்டு போகிறேன். நான்கு நிமிடம் கூடுதலாகிறது.

சாலைக்கு மாறியபின் வாயிற்கதவுகள் என்னைப் பயமுறுத்துவதில்லை. நிறுத்திய கார்களின் கதவுகள் பயமுறுத்துகின்றன. ஒரு கை நீளத்துக்கும் மேலாகவே விலகி ஓட்டுகிறேன், பின்னால் ஹாரன் அடித்தாலும் ஒதுங்குவதில்லை.

குழந்தையைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை. மின்சார சைக்கிளும் ஓட்டியதில்லை. கனவேக வாகனங்கள் பறக்கும் சாலையை ஒட்டி, ஆளே நடக்காத அகன்ற நடைபாதை இருந்து, சட்டமும் அனுமதித்தால் என் முடிவு வேறாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு வாயிலருகிலும் நடையின் வேகத்துக்கு இறங்குங்கள், நடப்பவரைக் கண்டால் மணியடித்து விரட்டாமல் நின்று வழிவிடுங்கள். மூன்றாம் நபருக்கான பொறுப்பைச் சைக்கிளுக்கும் ஏற்கும் காப்பீடு உங்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நான் அதைப் பார்த்தது அந்த முதியவரின் சட்டையை உரசிய பிறகுதான்.