தெருமுனை மருந்துக்கடையா, பெரிய கடையா, ஆன்லைனா?

மருந்து எங்கே வாங்கலாம் என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் தள்ளுபடிக் கணக்கில்தான் போய் நிற்கிறார்கள். சரி, அதில் பெரும்பாலும் ஆன்லைன்தான் ஜெயிக்கும். மாதாமாதம் அதே தைராய்டு மாத்திரை, அதே அளவு, மருத்துவர் எதையும் மாற்றவில்லை என்றால் தாராளமாக வீட்டுக்கே வரவழைத்துக்கொள்ளலாம். நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆனால் புதிதாக ஒரு மாத்திரை சேரும்போது நிலைமை வேறு. மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன் கேட்டால், "நீங்கள் ஏற்கெனவே பிரஷருக்குச் சாப்பிடுகிறீர்களே, இது பிரஷரை ஏற்றிவிடும், மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்" என்று தடுக்கிற ஆள், உங்கள் சீட்டுகளைப் பல வருடமாகப் பார்த்துவரும் பழைய கடைக்காரர்தான். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கிறது, காய்ச்சலுக்குத் தனியாக வேறு போட்டுக்கொள்கிறோம், பெரியவர்களுக்கே ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம் என்பது பலருக்குத் தெரியாது, கூட்டிப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். ஆன்லைனிலும் மருந்தாளுநர் சீட்டைச் சரிபார்க்கலாம், ஆனால் நீங்கள் வேறு இடங்களில் வாங்கியது அவருக்குத் தெரியாது.

எஸ்டோனியாவின் தாலின் நகரச் சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. 1422லேயே அதைப் பற்றிய பதிவு உண்டு, இன்னமும் நடக்கிறது. அதை ஒரே குடும்பம் பத்துத் தலைமுறையாக, 300 ஆண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கிறது. அப்பாவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதை மகனுக்குச் சொல்லக்கூடிய கடை அப்படித்தான் உருவாகிறது.

கிளைகள் வைத்திருக்கும் பெரிய கடைகளில் சரக்கு நிறைய இருக்கும், இரவிலும் திறந்திருக்கும், அவசரத்துக்கு நல்லது. ஊழியர்கள்தான் அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பார்கள்.

பழைய கடையிலும் குறைகள் உண்டு. பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி நம் நோயைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைவிட மோசம், தெரிந்த முகம் என்பதற்காகச் சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது. அப்படிக் கொடுக்கிற கடை எவ்வளவு பழையதாக இருந்தாலும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கேள்வி கேட்கிற கடையாகப் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஆன்லைனில் வாங்கும் மாத்திரைகளின் பட்டியலையும் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.