மூன்று கிட்டார், ஒரே செட் ஸ்ட்ரிங்: எஃப்310, எஃப்எஸ்800, எஃப்ஜி800 டோன் ஒப்பீடு

யமஹாவின் எஃப்310, எஃப்எஸ்800, எஃப்ஜி800 மூன்றையும் ஒரே வீட்டில் வைத்துப் பல வருடம் மாற்றி மாற்றி வாசித்ததில் டோன் பற்றித் தேறிய கணிப்புகள் இவை. முதல் கிட்டாரை வைத்துக்கொண்டு அடுத்தது எது என்று யோசிப்பவர்களுக்கு உதவலாம்.

எஃப்310-இன் டாப், அதாவது முன்பலகை, ஒட்டுப்பலகை. மற்ற இரண்டிலும் ஒற்றைப் பலகை, அதாவது சாலிட் ஸ்ப்ரூஸ். ஸ்கேல் நீளம் (ஸ்ட்ரிங்கின் அதிரும் பகுதி) எஃப்310-லும் எஃப்எஸ்800-லும் 634 மி.மீ., எஃப்ஜி800-ல் 650 மி.மீ. 16 மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அதே ஸ்ட்ரிங்கை அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை சுமார் 5 சதவீதம் கூடுகிறது. எஃப்ஜியில் பேஸ் கட்டுக்கோப்பாகக் கேட்பதற்கும், பெண்ட் செய்யும்போது (ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றும்போது) விரல் வலிப்பதற்கும் அதில் பங்கு உண்டு.

கடையில் தொங்குகிறபடியே எடுத்து வாசித்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஒன்றில் போன வாரம் போட்ட ஸ்ட்ரிங் இருக்கும். இன்னொன்றில் வருகிறவர் போகிறவர் வியர்வையெல்லாம் ஏறிய ஸ்ட்ரிங் இருக்கும். பேஸ் ஸ்ட்ரிங்கின் சுற்றுக்கம்பி இடுக்கில் அழுக்கு சேர்ந்தால் மேல் ஒலிகள் சீக்கிரம் அடங்கிவிடும். உடனே ‘இந்த மரம் மந்தம்’ என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். அதனால் மூன்றிலும் ஒரே பிராண்டு 12-53 (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் மெல்லிய, தடித்த ஸ்ட்ரிங்கின் தடிமன்) பாஸ்பர் பிரான்ஸ் செட் போட்டு, புதுக் கம்பியின் அந்தச் சலங்கைச் சத்தம் தணிய இரண்டு நாள் விட்டு, ட்யூனரில் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸுக்கு வைத்து, ஒரே 0.73 மி.மீ. பிக்கால் வாசிக்க வேண்டும். 12-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஆக்‌ஷன், அதாவது ஃபிரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம், தடித்த ஸ்ட்ரிங்குக்கு 2.4, மெல்லிய ஸ்ட்ரிங்குக்கு 1.8 மி.மீ. என்று மூன்றிலும் சமமாக இருக்கட்டும். ஆக்‌ஷன் ரொம்பத் தாழ்ந்தால் ஓங்கி அடிக்கும்போது கம்பி ஃபிரெட்டில் உரசும்; அதில் போகும் சத்தத்துக்கும் பழி மரத்தின் மேல்தான் விழும்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் ஒரு பொறி மிச்சம் இருக்கிறது. சத்தம் அதிகமான கிட்டார் முதல் ஐந்து நிமிடம் நல்ல கிட்டாராகவே கேட்கும். உடல் பெரிய எஃப்ஜி அங்கே சுலபமாக ஜெயித்துவிடும். வேறொருவரை வாசிக்கச் சொல்லி, இரண்டு மீட்டர் தள்ளி முதுகு காட்டி உட்கார்ந்து கேளுங்கள். வாசிப்பவர் காதுக்கு மேலிருந்து கிடைப்பதும் எதிரே இருப்பவருக்குப் போவதும் ஒன்றல்ல. தனியாக இருந்தால் சுவரைப் பார்த்து ஒரு மீட்டரில் உட்கார்ந்து வாசிக்கலாம்.

நான் எந்தக் கிட்டாரிலும் முதலில் பார்ப்பது ஆறாம் ஸ்ட்ரிங்கைத்தான். ஒன்றாம் ஃபிரெட்டிலிருந்து ஐந்தாம் ஃபிரெட் வரை ஒரே விசையில் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். எஃப்ஜி மாதிரி ட்ரெட்நாட் எனும் பெரிய, அகன்ற உடலில் உள்ளிருக்கும் காற்றின் சொந்த அதிர்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும்; மூன்றாம் ஃபிரெட் ஜி 98 ஹெர்ட்ஸ். அந்த இடம் வந்ததும் ஒரு ஸ்வரம் மட்டும் ‘பும்’ என்று வீங்கிச் சட்டென்று தணியும். ஒரு போஸ்ட்கார்டால் சவுண்ட் ஹோலைப் பாதி மூடி மறுபடி மீட்டினால் வீக்கம் அங்கிருந்து நகர்வது தெரியும். லேசான வீக்கம் எல்லாக் கிட்டாரிலும் உண்டு. பக்கத்து ஃபிரெட்டுகள் செத்துப்போன மாதிரி கேட்கும் அளவு இருந்தால் ஒதுக்குங்கள், எந்த ஸ்ட்ரிங் போட்டாலும் அது போகாது. போனில் பதிவு செய்யும்போதும் மைக்கைச் சவுண்ட் ஹோலுக்கு நேரே வைக்காதீர்கள். 12-ஆம் ஃபிரெட்டுக்கு எதிரே 30 செ.மீ. தள்ளி வையுங்கள்.

இனி மூன்றின் குணம். எஃப்310 நடுஸ்தாயியில் தெளிவு, கார்வை குறைவு. மெதுவாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் சத்தம்தான் மாறும், நிறம் மாறாது. பாடிக்கொண்டே ஸ்ட்ரம் செய்ய அது போதும். எஃப்எஸ்800 ஃபிங்கர் ஸ்டைலுக்கு என் முதல் தேர்வு. ஜி கார்டை மீட்டி நடுவில் இருக்கும் பி ஸ்வரத்தைத் தேடினால் தனியாகக் கேட்கும். ஆனால் விடாமல் வேகமாக ஸ்ட்ரம் செய்தால் ஓரளவுக்கு மேல் திறக்காது. எஃப்ஜி800-ல் அந்த மேல் இடம் தாராளமாக இருக்கிறது, பேஸ் குரலை மூடிவிடும் அபாயமும் கூடவே இருக்கிறது. மெல்லிய குரலோடு வாசிப்பவர்கள் பிக்கை பிரிட்ஜ் (உடலில் ஸ்ட்ரிங்கைப் பிடித்திருக்கும் கட்டை) பக்கம் நகர்த்த வேண்டியிருக்கும்.

இன்னும் கொஞ்சம் போட்டால் பின்பலகை ரோஸ்வுட் உள்ள எஃப்ஜி830 கிடைக்குமே என்று கேட்பார்கள். இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். 1969 கடைசியில் அமெரிக்க கிட்டார் நிறுவனமான மார்ட்டின் தன் டி-28 மாடலுக்கு பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இதற்கு மாறியது. பெயர் பெரிது. ஆனால் 2018-ல் வெளியான லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களை 52 பேர் மங்கிய வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடி போட்டு வாசித்தார்கள். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டும் மலிவான சபேலி மரமும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கின. அழகுக்காக ரோஸ்வுட் வாங்குங்கள், தப்பில்லை. டோனுக்காக என்றால் அந்தப் பணத்தில் எலும்பு சாடிலும் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் ஏறி நிற்கும் சின்னத் துண்டு) நல்ல செட்டப்பும் செய்துகொள்ளலாம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது சாலிட் டாப் ஈரம் குடித்து பிரிட்ஜுக்குப் பின்னால் உப்பும், ஆக்‌ஷன் ஏறும், ஒலி அமுங்கும். ஒட்டுப்பலகை எஃப்310 அவ்வளவாக அசையாது. அந்த மாதங்களில் சாடிலைத் தேய்க்காதீர்கள். தேய்த்துவிட்டால், தை பிறந்து டாப் இறங்கியதும் ஸ்ட்ரிங் ஃபிரெட்டில் மோதும். கேஸுக்குள் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் சிலிக்கா ஜெல்லும் போட்டு 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்து, ஒரு வாரம் கழித்து ஆக்‌ஷனை மறுபடி அளந்த பிறகு தேய்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்.