பேட்டரியை இறக்கும் மின்கசிவு: மல்டிமீட்டரோடு சில வருட அனுபவம்

செல்ஃப் எடுக்காத பைக்கைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பேட்டரியை மாற்றுவதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் தினமும் ஓட்டினால் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, நாலைந்து நாள் நிறுத்தினால் மட்டும் ரிலே ‘டக் டக்’ என்று அடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் பைக்குக்குப் புதுப் பேட்டரி மருந்து இல்லை. சாவியை எடுத்த பிறகும் எங்கோ ஒரு வழியாகக் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் புதியதற்கும் அதே கதிதான். ஈய அமிலப் பேட்டரியை இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுப்போகும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. கசிவைத் தேடாமல் பேட்டரி வாங்குகிறவர் சீக்கிரமே இன்னொன்றும் வாங்க வேண்டியிருக்கும்.

வோல்டேஜையும் கரண்டையும் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு சில வருடங்களாக என் பைக்கின் மின்கோளாறுகளை நானே பார்த்துவருகிறேன். இத்தனை காலத்தில் எந்தக் கருவி கைகொடுத்தது, எது பெட்டியிலேயே தூங்குகிறது, கசிவு எங்கெங்கே ஒளிந்திருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கருவியையும்விட அதிகமாக உதவியது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துப் பார்க்கும் சோதனை. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு, வோல்டேஜைக் குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு சார்ஜ்தான் மிச்சம். நெகட்டிவைக் கழற்றிய நிலையில் இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி பார்த்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். தனியாக இருந்தும் வோல்டேஜ் இறங்கினால் குற்றவாளி பேட்டரியேதான். ஒரு செல் செத்திருந்தால் 10.5 வோல்ட் பக்கம் போய் நிற்கும். அப்படியே நின்று, வயரை மாட்டினால் மட்டும் இறங்குகிறது என்றால் பைக்கில் தேட வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டுத்தொலைத்தாலும் நெகட்டிவ் கழன்றிருந்தால் ஷார்ட் ஆகாது.

கசிவையும் சார்ஜ் ஏறாத கோளாறையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டி, பேட்டரி டெர்மினலில் அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லையென்றால் ஸ்டேட்டர் (இன்ஜினோடு சேர்ந்து கரண்ட் உண்டாக்கும் சுருள்), ரெகுலேட்டர் (அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் பெட்டி), அவற்றின் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) பக்கம் போக வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியை வேகவைக்கிறது. என் பைக் 14.1 காட்டியது. அந்த எண்ணே பின்னால் ஆளை ஏமாற்றியது, அதைக் கீழே சொல்கிறேன்.

கசிவை அளக்க மீட்டரை வரிசையில் போட வேண்டும். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, ஒரு முனையைக் கழற்றிய நெகட்டிவ் வயரிலும் மறு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால், பேட்டரியிலிருந்து போகும் கரண்ட் எல்லாம் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். முதலில் பெரிய ரேஞ்ச், எண் சின்னதாக இருந்தால் மில்லி ஆம்பியர் ரேஞ்ச். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, செல்ஃப் பட்டனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்டுக்கு மீட்டர் தாங்காது. மலிவு மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது, முகப்பிலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை உடனே வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும். மறந்து அப்படியே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட்.

இணைத்தவுடன் வரும் எண்ணை நம்பக்கூடாது. கெபாசிட்டர்கள் நிறையும்வரை, ஈசியூவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அலாரமும் அடங்கும்வரை எண் ஆடிக்கொண்டிருக்கும். சில நிமிடம் காத்திருந்தால் நிலைக்கும். இந்த இடத்தில்தான் என் மீட்டர் மேல் கடுப்பு வரும்: பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. முனைகளைக் கையால் பிடித்துக்கொண்டு காத்திருப்பதும் ஆகாத காரியம். முதலைக் கிளிப் வைத்த வயர் ஒரு ஜோடி வாங்கியது மீட்டரைவிட நல்ல முதலீடு. மீட்டருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி பலவீனமானால் எண்களைத் தப்பாகக் காட்டும், பெரும்பாலும் கூட்டியே காட்டும். திரையில் பேட்டரி குறி வந்துவிட்டால் எந்த அளவையும் நம்ப வேண்டாம்.

எவ்வளவு இருந்தால் சரி? கடிகாரமும் ஈசியூ நினைவகமும் மட்டும் உள்ள பைக்கில் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் சாதாரணம். அலாரம் இருந்தால் கொஞ்சம் கூடும். 9 ஆம்பியர்-அவர் பேட்டரியை (1 ஆம்பியர் வீதம் 9 மணி நேரம் கொடுக்கும் கொள்ளளவு) வைத்துக் கணக்குப் போட்டால் புரியும். 2 மில்லி ஆம்பியர் ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர்-அவர் எடுக்கும், கவலை இல்லை. 40 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளுக்கே கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-அவர். ஐந்து நாளில் பாதிக்கு மேல் காலி, செல்ஃப் திணறும்.

நான் பிடித்த முதல் கசிவு, ஹேண்டில்பாரில் கூடுதலாகப் பொருத்தியிருந்த யூஎஸ்பி சார்ஜர். நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தார்கள். போன் செருகாவிட்டாலும் அதற்குள் இருக்கும் சர்க்யூட்டும் நீல வெளிச்சமும் இரவு பகலாக 14 மில்லி ஆம்பியர் இழுத்தன. சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனுக்கு மாற்றியதோடு தீர்ந்தது. வெளியே வாங்கிப் பொருத்திய எதையும் முதலில் சந்தேகப்படுவது என் வழக்கமாகிவிட்டது: ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம், கூடுதல் லைட்டுகள். டிராக்கர் மட்டும் கொஞ்சம் தந்திரக்காரன். சிக்னல் அனுப்பும் நொடியில் எகிறி, மற்ற நேரம் அடங்கியிருக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது.

இரண்டாவதுதான் ஆட்டம் காட்டியது. கசிவு 38 மில்லி ஆம்பியர். ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தேன். கசிவு உள்ள லைனின் ஃபியூஸை எடுத்தால் எண் விழ வேண்டும், இங்கே எதற்கும் விழவில்லை. மெயின் ஃபியூஸை எடுத்ததும் பூஜ்ஜியம். அப்படியென்றால் மெயின் ஃபியூஸுக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் நடுவே ஏதோ இருக்கிறது. என் பைக்கில் அங்கே இருப்பவை இக்னிஷன் சுவிட்சும் ரெகுலேட்டரும்தான். ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றியதும் எண் 1-க்கு இறங்கியது.

ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் ஒருவழிப் பாதை மாதிரி: ஸ்டேட்டரிலிருந்து பேட்டரிக்குக் கரண்டை விட வேண்டும், திரும்பிப் போகவிடக் கூடாது. அதில் ஒன்று பழுதாகித் திரும்பும் வழியையும் லேசாகத் திறந்துவிட்டிருந்தது. ஆனாலும் சார்ஜ் 14.1 வோல்ட் வந்துகொண்டிருந்ததால் வொர்க்‌ஷாப்பில் ரெகுலேட்டரை யாரும் சந்தேகப்படவில்லை. இன்னொரு விஷயம்: டயோடு கசிவு சூட்டில் கூடும், குளிரில் குறையும். காலையில் அளந்தால் சமாளிக்கக்கூடிய எண், நீண்ட ஓட்டத்துக்குப் பின் உடனே அளந்தால் இரண்டு மூன்று மடங்கு. எண் மாறிக்கொண்டே இருந்தால் மீட்டரைக் குறை சொல்லாமல், பைக் சூடாக இருக்கும்போது ஒரு முறையும் ஆறிய பிறகு ஒரு முறையும் அளந்து பாருங்கள். ரெகுலேட்டரை மாற்றிய பிறகு அதே பழைய பேட்டரியே நெடுநாள் ஓடியது.

மூன்றாவது, மழையில் நனைந்த பிறகு மட்டும் வந்த கோளாறு. காய்ந்தால் போய்விடும். இந்த ரகத்தை மீட்டர் மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. மீட்டரை இணைத்துவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பினேன், எண் ஏறி இறங்கியது. ஸ்டியரிங் தலைப்பக்கம் வயர் கட்டு ஃபிரேமில் உரசித் தோல் தேய்ந்திருந்தது, டேங்கின் அடியில் இக்னிஷன் சுவிட்ச் கப்ளருக்குள் பச்சை பூத்திருந்தது. இரண்டில் எது முக்கியக் குற்றவாளி என்று பிரித்துப் பார்க்கவில்லை. வயருக்கு உறை மாட்டி, கப்ளரைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசினேன். அதன்பின் மழைக்குப் பயமில்லை.

மற்ற கருவிகளில், 5 வாட் பல்பு வைத்த பழைய டெஸ்ட் லேம்ப் பெரிய கசிவுக்கு மட்டும் உதவும். 40 மில்லி ஆம்பியருக்கு அந்த இழை கண்ணுக்குத் தெரியும்படி ஒளிராது, கசிவே இல்லை என்று நினைத்துவிடுவோம். எல்இடி டெஸ்ட் லேம்ப் நேர் எதிர்: ஒன்றிரண்டு மில்லி ஆம்பியருக்கே எரிந்து, கடிகாரத்தையும் திருடனாகக் காட்டும். வயரைக் கழற்றாமல் சுற்றிக் கவ்வி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஆசைப்பட்டு வாங்கியது. மலிவான பலவும் ஏசி கரண்டை மட்டுமே அளக்கும். டிசி அளப்பவையும் இவ்வளவு சின்ன எண்ணில் தள்ளாடும். செல்ஃப் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் வெளியே வருகிறது.

நெகட்டிவில் கட்-ஆஃப் சுவிட்ச் போடச் சொல்பவர்கள் உண்டு. பைக்கைப் பல வாரம் நிறுத்துகிறவருக்கு நல்லது. கடிகாரமும் டிரிப் மீட்டரும் அழியும், அவ்வளவுதான். ஆனால் கசிவு இருக்கிறது என்று தெரிந்தே அதைப் போட்டு மூடிவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தேய்ந்த வயரில் இன்றைக்குக் கசிவது நாளைக்கு ஓட்டத்தின் நடுவே ஃபியூஸை அடிக்கலாம். பேட்டரி நிறைந்ததும் கரண்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் பராமரிப்புச் சார்ஜரை மட்டும் இப்போதும் பயன்படுத்துகிறேன். லித்தியம் பேட்டரி போட்டிருப்பவர்கள் அதற்கென்று சொல்லப்பட்ட சார்ஜரைத்தான் வாங்க வேண்டும், மேலே சொன்ன வோல்டேஜ் கணக்கும் அவர்களுக்குப் பொருந்தாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 13 வோல்ட்டுக்கு மேலேயே ஓய்ந்து நிற்கும். 12.8 காட்டினால் ஈயப் பேட்டரிக்கு அது நிறைவு, இதற்கு ஏறக்குறைய காலி.