தகட்டுக்காசுக்கு அக்ரிலிக் டப்பி: உப்புக்காற்றில் தாங்குமா?

46 மி.மீ. அக்ரிலிக் வட்ட டப்பியையும் அதற்குள் பொருத்தும் நுரை வளையங்களையும் 'எல்லா நாணயத்துக்கும் ஏற்றது' என்று சொல்லி விற்கிறார்கள். பிராக்டியேட் என்ற மெல்லிய ஜெர்மானிய வெள்ளித் தகட்டுக்காசுக்கு வாங்கலாம். ஆனால் வீடு கடலோரத்து மண்டபம், பாம்பன் ஊர்ப் பக்கம் என்றால் உப்புக்காற்றுக்கு டப்பி மட்டும் போதாது.

12ஆம் நூற்றாண்டில் சாக்சனி, தூரிங்கியா பகுதிகளில் அடித்த இந்த வெள்ளித் தகடு பெரும்பாலும் ஒரு கிராம்கூட இருக்காது. அகலமோ சிலவற்றில் 40 மி.மீட்டரைத் தாண்டும். ஒரே அச்சால் அடித்ததால் முன்னால் புடைப்பு, பின்னால் அதே உருவம் குழிவாக. மாக்டபுர்க் பேராயர் விக்மன் (1152–1192) காலத்தில் ஆண்டுக்கு இரண்டு தடவை பழைய காசை வாங்கிக்கொண்டு புதியதை விட்டார்கள். ஆறு மாதம் ஓடினால் போதும் என்று அடித்த காசு இது!

மதில், வாயில் வளைவு, இரு கொத்தளம், நடுவே ஆயர் என்று கட்டடம் பொறித்த வகையில் ஆயரின் தலையும் கொத்தள முனைகளும்தான் எடுப்பாக நிற்கும். ஸ்டேப்ளர் அடிக்கும் அட்டை உறை அந்த முனையைத்தான் அமுக்கும். முதலில் மயிரிழை வெடிப்பு, அப்புறம் ஓட்டை. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தின் இரும்பையே அரித்த காற்றில் ஸ்டேப்ளர் பின் எம்மாத்திரம்? மெத்தென்ற பிவிசி உறையும் வேண்டாம். வெயிலில் கசிந்து பச்சைப் பிசுக்கு ஒட்டும்.

டப்பியில் வளையம் விளிம்பை மட்டும் தாங்குகிறது. காசு சரியான வட்டமாக இருக்காது என்பதால் மிக அகலமான இடத்தை அளந்து, அதைவிட அரை மி.மீ. பெரிய வளையமாகப் போடுங்கள். இறுக்கினால் விளிம்பு மடங்கும். விரலால் கிள்ளி எடுக்காமல் வழுவழுப்பான தாளைக் கீழே செருகி இறக்குங்கள்.

குறை இரண்டு. கறுப்பு வளையத்தில் ரப்பர் வாடை அடித்தால் அதில் கந்தகம் இருக்கலாம், வெள்ளி கறுத்துவிடும். வெள்ளை பாலித்தீன் நுரையில் வெட்டிக்கொள்ளலாம். மூடியும் காற்றுப் புகாதது அல்ல. வாடைக்காற்று தொடங்குமுன் டப்பிகளை ரப்பர் விளிம்பில்லாத, இறுக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் பச்சையானால் 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி போடலாம்.

பின்பக்கக் குழிவில் சாம்பல், ஊதா நிறப் படிவு தெரிந்தால் அது பெரும்பாலும் வெள்ளிக் குளோரைடு. குத்துவிளக்குக்குப் போல திருநீறு போட்டுத் தேய்த்தால் மதிலும் போகும், ஆயரும் போவார்.