சர்வரில் ஜிபிஜி: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்தால் தெரிபவை

டெர்மினல் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார் என்று நம்பி எழுதப்பட்ட குறியாக்கக் கருவி ஜிபிஜி (GnuPG). சர்வர் கோடில் அதற்கு ரேப்பர் (அதை இயக்கும் உறை நிரல்) எழுதுவோரைப் படுத்தும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த நம்பிக்கையிலிருந்தே கிளம்புகின்றன.

முதல் அடி கடவுச்சொல்லில் விழும். 2014-இல் வந்த 2.1 பதிப்பு முதல் ரகசியச் சாவிகள் ஏஜென்ட் (பின்னணியில் ஓடும் ஜிபிஜியின் துணை நிரல்) வசம். கடவுச்சொல் தேவைப்பட்டால் அது, கடவுச்சொல் கேட்கும் நிரலான பின்என்ட்ரியைக் கூப்பிடும். சர்வரில் திரை ஏது? ஆளிடம் கேள்வி கேட்காமலும் டெர்மினலைத் தேடாமலும் ஓட, பேட்ச், நோ-டிடிஒய் ஆப்ஷன்களை எப்போதும் கொடுங்கள். பின்என்ட்ரி-மோடை லூப்பேக் ஆக்கி (அப்போது பின்என்ட்ரிக்குப் பதில் ஜிபிஜியே கடவுச்சொல்லை வாங்கும்), கடவுச்சொல்லைத் தனி பைப்பில் (நிரல்களுக்கிடையே தரவு போகும் குழாய்) அனுப்புங்கள். கட்டளை வரியிலேயே எழுதினால், பிராசஸ் பட்டியலைப் பார்க்கும் எவர் கண்ணிலும் படும்.

அடுத்தது உறைந்துபோவது. 20 கேபி டெஸ்ட் ஃபைல் சட்டென்று முடியும். 5 எம்பி ஃபைல் அப்படியே நிற்கும். சிபியு சும்மா இருக்கும், லாகில் ஒரு வரி இருக்காது. லினக்ஸில் பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 64 கேபி. ரேப்பர் முழு ஃபைலையும் உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு வெளியீட்டைப் படிக்கலாம் என்று இருக்கும். ஜிபிஜியோ படிக்கப் படிக்கவே எழுதும். வெளியே போகும் பைப் நிரம்பியதும் அது படிப்பதை நிறுத்திவிடும்; உள்ளே வரும் பைப்பும் நிரம்பும்; இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி காத்திருப்பார்கள். எழுதுவதையும் படிப்பதையும் தனித்தனி த்ரெட்டில் வையுங்கள். பைத்தானின் கம்யூனிகேட் இரண்டையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொள்கிறது, ஆனால் முழு வெளியீட்டையும் மெமரியில் வைத்துக்கொள்ளும். பெரிய ஃபைலுக்கு ஜிபிஜியையே தற்காலிக ஃபைலில் எழுதச் சொல்வது மேல். எரர் பைப்பை யாரும் படிக்காமல் விட்டாலும் இதே கதைதான்.

எரர் செய்தியை ரெஜெக்ஸ் (தேடல் வடிவம்) போட்டுத் தேடாதீர்கள். லோக்கேல் (மொழி அமைப்பு) மாறினால் வாசகமும் மாறும். நிரல்கள் படிப்பதற்கென நிலை வரிகளைத் தரும் ஸ்டேட்டஸ்-எஃப்டி ஆப்ஷன் இருப்பதே இதற்குத்தான். அதற்கு 3-ஆம் எண் மாதிரி தனி எஃப்டி (வெளியீட்டு வழியின் எண்) கொடுங்கள், எரர் போகும் 2 வேண்டாம். இரண்டையும் ஒன்றாக விட்டு வெர்போஸும் (விரிவான செய்தி தரும் ஆப்ஷன்) போட்டிருந்தால், செய்திக்குள் இருக்கும் ஃபைல் பெயரை வைத்தே போலி ஸ்டேட்டஸ் வரிகளை நுழைக்க முடிந்தது. 2018-இல் 2.2.8 பதிப்பில்தான் அந்த ஓட்டை அடைபட்டது.

டிக்ரிப்ட் செய்யும்போது (குறியாக்கத்தை அவிழ்க்கும்போது), தரவு வழியில் மாறவில்லையா என்ற சோதனை முடியும் முன்பே வெளியீடு வரத் தொடங்கிவிடும். டிக்ரிப்ஷன் ஓகே வரியும் வந்து, எக்ஸிட் கோடும் பூஜ்யம் என்றான பிறகே தற்காலிக ஃபைலை அதன் இடத்துக்கு நகர்த்துங்கள். கையொப்பச் சோதனையில் அதுவும் போதாது. ஸ்டேட்டஸில் வரும் ஃபிங்கர்பிரின்ட் (சாவியின் அடையாள எண்) நாம் எதிர்பார்க்கும் சாவியுடையதுதானா என்று ஒப்பிட வேண்டும்.

பெறுநரை மின்னஞ்சலால் குறிக்காமல் 40 இலக்க ஃபிங்கர்பிரின்டால் குறியுங்கள். சாவியை வேறு வழியில் சரிபார்த்துவிட்டால் டிரஸ்ட்-மாடலை (எந்தச் சாவியை நம்புவது என்ற அமைப்பு) ஆல்வேஸ் ஆக்கலாம். இல்லையேல் பேட்ச் முறையில் அந்தச் சாவியை ஜிபிஜி ஒதுக்கிவிடும். ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய ஜாப் ஒருநாள் திடீரென்று விழுந்தால், முதலில் சாவியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஒரு மாதம் முன்பே எச்சரிக்கும் சிறு ஸ்கிரிப்ட் கட்டாயம்.

வெப் சர்வர் பயனருக்குப் பெரும்பாலும் எழுதத்தக்க ஹோம் இருக்காது. தனி டைரக்டரி ஒன்றை 700 அனுமதியோடு (உரிமையாளர் மட்டுமே அணுகலாம்) வைத்து, ஹோம்டிர் ஆப்ஷனில் கொடுங்கள். பாதை குட்டையாக இருக்கட்டும்: ஏஜென்ட்டோடு பேசும் வழியான சாக்கெட் ஃபைல் அங்கேயே உருவானால், லினக்ஸ் அதன் பாதைக்குத் தருவது 108 பைட்தான். ஒரே நேரத்தில் நிறைய டிக்ரிப்ட் ஓடி மெமரி போதவில்லை என்று வந்தால், ரேம் வாங்க ஓடாதீர்கள். தீர்ந்தது ஏஜென்ட் ரகசியங்களுக்கென ஒதுக்கிவைத்திருக்கும் பாதுகாப்பு மெமரி. அதன் கான்ஃபிக்கில் ஆட்டோ-எக்ஸ்பாண்ட்-செக்மெம் வரியைச் சேர்த்து, ஏஜென்ட்டை ஒருமுறை நிறுத்திக் கிளப்புங்கள்.