ராமானுஜன்: நோட்டுகளா, கட்டுரைகளா?

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த ஓட்டு வீட்டைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் முதலில் அவருடைய நோட்டுகளைத்தான் தேடுகிறார்கள். அந்த ஆசை புரிகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலும் விடை மட்டுமே இருக்கிறது. வந்த வழி சிலேட்டிலேயே முழங்கையால் அழிந்துவிட்டது. அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் அவற்றை ஐந்து தொகுதிகளில் விளக்கி முடிக்க 1998 ஆயிற்று.

நான் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளையே கையில் கொடுப்பேன். 4-ஐக் கூட்டலாகப் பிரிக்க 5 வழிகள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 9-க்கு 30, 14-க்கு 135. எல்லாம் ஐந்தின் மடங்கு! 4 அல்லது 9-இல் முடியும் எந்த எண்ணுக்கும் இப்படித்தான் என்று 1919-ஆம் ஆண்டுக் கட்டுரை நிரூபணத்தோடு சொல்கிறது. காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து பென்சிலாலேயே சரிபார்க்கலாம். 1916 கட்டுரையில் அவர் ஊகித்த ஒன்றுக்கோ, பெல்ஜியக் கணிதவியலாளர் டெலீனின் நிரூபணம் 1974-இல்தான் வெளிவந்தது.