பேரலைத் தொடாத ஹேண்ட்கார்ட்: வீட்டிலேயே மாட்டுவதற்கு எது நல்லது?

ஓஹியோவில் நான் போகும் ரேஞ்சில் என் ஏஆர்-15 துப்பாக்கி ஒரே ஒரு நிலையில் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. 200 கஜத்தில் நின்று சுட்டால் குண்டு குறியில் விழும். மணல் மூட்டையில் வைத்துச் சுட்டாலும் விழும். ஸ்லிங்கை, அதாவது துப்பாக்கியின் வாரை, மேற்கையில் சுற்றி இறுக்கி, உட்கார்ந்து சுட்டால் மட்டும் கீழே இறங்கிவிடும். ஸ்லிங்கின் முன் கொக்கி, பேரலோடு (குழலோடு) சேர்ந்த ஃப்ரன்ட் சைட்டின் (முன் குறிமுள்ளின்) அடியில் மாட்டியிருந்ததுதான் காரணம். வாரை இறுக்க இறுக்க அது பேரலையே இழுத்தது.

ஹேண்ட்கார்ட் என்பது பேரலைச் சுற்றி, கை பிடிப்பதற்காக இருக்கும் உறை. இந்தத் தொல்லைக்குத்தான் ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்ட். பேரலை ரிசீவரோடு (துப்பாக்கியின் உடலோடு) பிணைக்கும் பேரல் நட்டில் பின்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு, பேரலை வேறெங்கும் தொடாமல் நிற்கும். வாரோ பைபாடோ (முன்னால் தாங்கும் இரட்டைக் கால்) எவ்வளவு இழுத்தாலும் அந்த பாரம் பேரலுக்குப் போகாது.

சாதாரண பிளாஸ்டிக் ஹேண்ட்கார்டையே வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஹேண்ட்கார்டின் பின்முனையைப் பிடித்திருக்கும் டெல்டா ரிங் என்ற வளையத்தைப் பின்னால் அழுத்தி, இரண்டு பாதிகளைக் கழற்றி, புதியதை வைக்க ஐந்து நிமிடம் போதும். உள்ளே அலுமினியத் தகடு இருப்பதால் கையும் அதிகம் சுடாது. ஆனால் அதன் முன்முனை பேரலில் இருக்கும் மூடியில்தான் உட்காரும். ஸ்லிங் போட்டுச் சுடாதவருக்கு அது தாராளமாகப் போதும், எனக்குப் பயன்படாது.

அடுத்தது, பழைய பேரல் நட்டையே கவ்விக்கொள்ளும் இரண்டு பாதி ஃப்ரீ ஃப்ளோட். நான் முதலில் வாங்கியது இதைத்தான். பேரலைக் கழற்ற வேண்டாம், ஃப்ரன்ட் சைட்டைத் தட்டி எடுக்க வேண்டாம், டெல்டா ரிங்கை மட்டும் வெட்டி எடுத்தால் போதும். ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டேன், குண்டு இறங்குவதும் நின்றது. நான்கைந்து முறை ரேஞ்சுக்குப் போய்வந்த பிறகு பார்த்தால், ஹேண்ட்கார்ட் ஒரு பக்கமாக லேசாகத் திரும்பியிருந்தது. என் ஸ்கோப் ரிசீவரின் மேல் இருப்பதால் குறி மாறவில்லை. ஆனால் ஹேண்ட்கார்டிலேயே மடக்கு சைட் வைத்திருப்பவருக்கு, அது திரும்பினால் சைட்டும் கூடவே போய்விடும். எல்லாத் தயாரிப்பும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், நான் பார்த்தது ஒன்றைத்தான்.

அதன்பிறகுதான் தனக்கென்று சொந்த நட்டோடு வரும் ஒற்றைக் குழாய் வகைக்கு மாறினேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். வேலை அதிகம் என்பது உண்மை. குழாயை மாட்ட, பழைய ஃப்ரன்ட் சைட்டையும் பேரல் நட்டையும் கழற்றியாக வேண்டும். மேகசினை எடுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, போல்ட் கேரியரை வெளியே எடுத்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்த பிறகே கருவிப்பெட்டியைத் திறக்க வேண்டும். ஃப்ரன்ட் சைட்டின் இரண்டு பின்களும் ஒரு முனை சிறுத்தவை. சிறிய முனையிலிருந்துதான் தட்ட வேண்டும். எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுக்க இதிலேயே போனது. அதன் இடத்தில் தாழ்வான கேஸ் பிளாக்கை (பேரலின் துளையிலிருந்து வரும் வாயுவை, அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்காகக் கேஸ் டியூபுக்குள் அனுப்பும் பாகம்) வைக்கும்போது, பழைய மூடி இருந்த தகட்டின் கனத்துக்கு இடைவெளி விட வேண்டும். பேரலின் படியோடு ஒட்டித் தள்ளிவிட்டால் துளைகள் நேர்ப்படாது. கேஸ் குறைந்து, துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றாமல் திணறும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது பேரல் நட்தான். ஹேண்ட்கார்டின் முழு பாரத்தையும் அது ஒன்றுதான் தாங்குகிறது. பழைய நட்டில், கேஸ் டியூப் நுழையும் பள்ளம் மேலே சரியாக வந்து நிற்கும் வரை இறுக்க வேண்டும். ராணுவக் கையேட்டின்படி குறைந்தது 30 ஃபுட்-பவுண்ட், அதிகபட்சம் 80. பள்ளம் ஒரு மயிரிழை தள்ளி நின்றால் இன்னும் இறுக்குவதா, தளர்த்துவதா என்று புழுங்க வேண்டியிருக்கும். நான் வாங்கிய வகையில் நட் பள்ளமில்லாத வட்டமானது, கேஸ் டியூப் அதன் மேலாகவே போய்விடும். சொன்ன அளவுக்கு இறுக்கினால் சரி, எதையும் நேர்ப்படுத்த வேண்டாம். வேறு சிலவற்றில் ஷிம் எனப்படும் மெல்லிய வளையங்களைப் போட்டு நேர்ப்படுத்துவார்கள். வாங்கும் முன் இதை மட்டும் கட்டாயம் விசாரித்துக்கொள்ளுங்கள். விலை, எடை, நிறம் எல்லாம் அப்புறம்.

இறுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ரிசீவர் அலுமினியம், அதை நேரடியாக வைஸில் பிடித்து நசுக்கிவிடக் கூடாது. பேரலைப் பிடித்துக்கொண்டு திருகினால் பேரலை ரிசீவரில் திரும்பாமல் நிறுத்தும் சின்ன இண்டெக்ஸ் பின் அடிவாங்கும். பேரலின் பின்முனைப் பற்களில் உட்காரும் தண்டு ஒன்று கிடைக்கிறது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மரைக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸ்தான் போட வேண்டும். கிராஃபைட் கலந்தது அலுமினியத்தை அரிக்கும். நட்டைப் பிடிக்கும் துணைக்கருவியை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சுக்குச் செங்கோணத்தில் மாட்டினால், ரெஞ்ச் காட்டும் அளவும் நட்டில் விழும் அளவும் ஒன்றாக இருக்கும். நேராக நீட்டி மாட்டினால் நட்டில் அதிகமாக விழும். நான் 30 ஃபுட்-பவுண்ட் வரை இறுக்கித் தளர்த்தி, அப்படியே மூன்று முறை செய்துவிட்டுத்தான் கடைசியாக இறுக்கினேன். முடித்ததும் போல்ட் கேரியரைத் தள்ளிப் பார்க்க வேண்டும். கேஸ் டியூப் எங்காவது உரசினால் கைக்கே தெரிந்துவிடும்.

குறையும் உண்டு. வேகமாகச் சுட்டால் அலுமினியம் நன்றாகச் சூடேறும், கோடையில் கையுறை வேண்டும். ஹேண்ட்கார்டின் விலையில் பாதிக்கு மேல் கருவிகளுக்கே போனது. சில மாநிலங்களில் துப்பாக்கியின் பாகங்களுக்கே சட்டம் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் 300 கஜத்துக்கு மேல் சுட்டதில்லை, 600 கஜ அனுபவத்தை அங்கே சுடுபவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஓஹியோவின் கேம்ப் பெர்ரியில் சர்வீஸ் ரைஃபிள் (ராணுவத் துப்பாக்கி வகை) போட்டிக்குப் போகிறவர்களில் பலர், பழைய பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஃப்ளோட் குழாயை மறைத்து, ஸ்லிங் கொக்கியை அந்தக் குழாயில் மாட்டி வைத்திருப்பார்கள். வெளித்தோற்றம் மாறாது, பேரலும் இழுபடாது.

மாட்டி இரண்டு சீசன் ஆகிறது. ஹேண்ட்கார்டிலிருந்து ரிசீவர் வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை ரேஞ்சிலிருந்து வந்ததும் பார்ப்பேன். கோடு இன்னும் நேராகத்தான் இருக்கிறது.